'எல் போர்டு' மாட்ட வைத்த அமைச்சர்: யார் இந்த ஹோர் பெலிஷா?

புதிதாக கார் ஓட்டப் பழகுபவர் முன்னும் பின்னும் 'எல்' போர்டு மாட்ட வேண்டும். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். அப்புறம் அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டி பாஸ் ஆக வேண்டும். இதெல்லாம் கார் கண்டுபிடித்த நாளிலிருந்தே இருக்கிற நடைமுறை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பிரிட்டனில் கார்கள் ஓடத் தொடங்கி சுமார் 40 வருடம் வரை சாதாரண டிரைவர்களுக்கு எந்தத் தேர்வும் கிடையாது.

அந்த நிலையை மாற்றியபோது பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. 1934 முதல் 1937 வரை மூன்றே வருடம்தான் அந்தப் பதவியில் இருந்தார். அந்த மூன்று வருடத்தில் டிரைவிங் டெஸ்ட், எல் போர்டு, ஊருக்குள் வேக வரம்பு, பாதசாரிகளுக்கான விளக்குக் கம்பம் எல்லாம் வந்துவிட்டன. பிரிட்டனில் இன்றும் அந்தக் கம்பத்துக்கு அவர் பெயர்தான். அடுத்து கிடைத்த பெரிய பதவி மட்டும் அவருக்கு நல்லபடியாக முடியவில்லை.

பணம் கட்டினால் லைசென்ஸ்

1903-ல் கொண்டுவரப்பட்டு 1904 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த மோட்டார் கார் சட்டம்தான் பிரிட்டனில் டிரைவிங் லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. கார் ஓட்ட 17 வயது ஆகியிருக்க வேண்டும். உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் 5 ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் கையில் வந்துவிடும். அவ்வளவுதான். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறாரா என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏனென்றால், அன்றைய லைசென்ஸின் நோக்கமே வேறு. தப்பு செய்த டிரைவர் யார் என்று அடையாளம் காணவும், தேவைப்பட்டால் தண்டிக்கவும்தான் அந்தச் சீட்டு. ஒருவருக்கு ஓட்டத் தெரியும் என்பதற்கு அது சான்று இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகள் அதற்கு முன்பே ஓட்டுநர்களைச் சோதிக்கத் தொடங்கியிருந்தன. பிரிட்டன் மட்டும் ஓட்டுபவரின் பொறுப்புணர்வை நம்பி விட்டுவிட்டது.

1930-ல் இன்னொரு சட்டம் வந்தது. மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கி.மீ. என்று இருந்த வேக வரம்பை யாருமே மதிக்கவில்லை. அதனால் கார்களுக்கான வேக வரம்பையே அந்தச் சட்டம் எடுத்துவிட்டது. கூடவே மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் ஓட்டுநர் தேர்வு வந்தது. மற்றவர்கள் வழக்கம்போல பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா இல்லாத வீடு, அம்மா கொடுத்த படிப்பு

பெலிஷா பிறந்தது 1893 செப்டம்பர் 7-ல். யூதக் குடும்பம். காப்பீட்டுத் துறையில் இருந்த அப்பா, பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் இறந்துவிட்டார். அம்மாதான் வளர்த்தார். 1912-ல் அம்மா மறுமணம் செய்துகொண்டபோது, மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரான 'ஹோர்' என்பதையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அப்படித்தான் 'ஹோர் பெலிஷா' ஆனார்.

கிளிஃப்டன் கல்லூரி, பிறகு பாரிஸ், ஹைடெல்பெர்க், ஆக்ஸ்ஃபோர்டு என்று நல்ல படிப்பு. நடுவில் முதல் உலகப்போர் வந்தது. ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸிலும் கிரேக்கத்தின் சலோனிகா முனையிலும் பணியாற்றி, மேஜர் பதவியோடு திரும்பினார். 1919-ல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் என்ற புகழ்பெற்ற விவாத மன்றத்தின் தலைவரானார். செலவுக்குப் பத்திரிகைகளில் எழுதினார், சட்டமும் படித்தார். 1923-ல் பிளிமத் நகரின் டெவன்போர்ட் தொகுதியிலிருந்து லிபரல் கட்சி எம்.பி. ஆனபோது அவருக்கு வயது 30.

பேச்சுத் திறமையும் பத்திரிகை அனுபவமும் அவருக்குப் பெரிய பலம். செய்தியில் எப்படி இடம் பிடிப்பது என்று நன்றாகத் தெரிந்தவர். விளம்பரப் பிரியர் என்ற விமர்சனமும் கடைசி வரை அவரைத் தொடர்ந்தது.

ஒரே வருடத்தில் 7,343 பேர்

1934 ஜூன் மாதம் அவரிடம் போக்குவரத்துத் துறை வந்து சேர்ந்தது. அப்போது அந்தத் துறை அமைச்சருக்கு கேபினட்டில் இடம்கூட கிடையாது. பெரிதாக யாரும் ஆசைப்படாத பதவி.

ஆனால் நிலைமை சாதாரணமாக இல்லை. 1934-ல் பிரிட்டன் சாலைகளில் ஓடியவை சுமார் 24 லட்சம் வாகனங்கள். அந்த ஒரே வருடத்தில் விபத்தில் இறந்தவர்கள் 7,343 பேர். காயமடைந்தவர்கள் 2,31,000-க்கும் மேல். இன்றைக்கு அங்கே 4 கோடிக்கும் அதிகமான வாகனங்கள் ஓடுகின்றன. 2023-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,624 பேர். 1934-ன் நிலைமை எவ்வளவு மோசம் என்பது இந்த ஒப்பீட்டிலேயே புரியும்.

இறந்தவர்களில் பெரும் பகுதியினர் காரில் போனவர்கள் இல்லை. நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள். கார் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள், அடிபட்டவர்கள் பெரும்பாலும் சாதாரண மக்கள். அதனால் இது வெறும் போக்குவரத்துப் பிரச்சினையாக இல்லாமல் அரசியல் பிரச்சினையாகவும் இருந்தது.

விளக்குக் கம்பத்தில் ஏறிய பெயர்

பதவிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அமைச்சருக்கே ஓர் அனுபவம் கிடைத்தது. லண்டனின் கேம்டன் பகுதியில் பாதசாரிகள் கடக்கும் இடத்தில் அவர் ரோட்டைக் கடந்தார். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்காமல் பாய்ந்து வந்தது. நூலிழையில் தப்பினார்.

கடக்கும் இடங்கள் அப்போதே ஆங்காங்கே இருந்தன. ஆனால் தரையில் இருந்த குறியீடு தூரத்தில் வரும் டிரைவர் கண்ணில் படாது. பட்டாலும் நிறுத்துபவர்கள் குறைவு. இதற்கு பெலிஷாவின் அமைச்சகம் கண்ட தீர்வு ரொம்ப எளிமையானது. கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த கம்பம், அதன் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டை. தூரத்திலேயே தெரியும். 1934 கடைசியில் லண்டன் தெருக்களில் இவை முளைக்க ஆரம்பித்தன.

மக்கள் முதலில் சிரித்தார்கள். கார்ட்டூன் வரைந்தார்கள். கண்ணாடி உருண்டைகளைக் கல்லாலும் ஏர்கன்னாலும் உடைத்தார்கள். அந்தக் கிண்டலிலேயே கம்பத்துக்கு 'பெலிஷா பீக்கன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1951-ல் அந்தக் கம்பங்களுக்கு நடுவே ரோட்டில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வந்தன. நாம் ஜீப்ரா கிராஸிங் என்று சொல்வது அதைத்தான்.

டெஸ்ட் வந்த கதை

பெலிஷாவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 1934-ன் சாலைப் போக்குவரத்துச் சட்டம் முழுக்க அவர் மூளையில் உதித்தது இல்லை. அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தவர் அவருக்கு முன்பு அமைச்சராக இருந்த ஆலிவர் ஸ்டான்லி. ஆனால் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் கஷ்டமான வேலை பெலிஷாவின் தலையில் விழுந்தது. அந்தச் சட்டம் செய்த முக்கியமான மாற்றங்கள் இவை:

• ஊருக்குள் மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கி.மீ. வேக வரம்பு. 1935 மார்ச் 18 முதல் அமல்.

• புதிய டிரைவர்களுக்கு ஓட்டுநர் தேர்வு கட்டாயம். 1935 ஜூன் 1 முதல் அமல்.

• பழகுநருக்குத் தற்காலிக லைசென்ஸ். வண்டியில் 'எல்' போர்டு. பக்கத்தில் அனுபவமுள்ள, லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர்.

கட்டாயமாக்கிய அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவிந்துவிடக் கூடாது என்று, 1935 மார்ச் மாதத்திலேயே விருப்பப்பட்டவர்கள் டெஸ்ட் கொடுக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். கட்டணம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். தனியாகத் தேர்வு மையம் எதுவும் கிடையாது. ரயில் நிலையம், பூங்கா போன்ற ஏதாவது ஓர் இடத்தில் தேர்வு அதிகாரியைச் சந்திக்க வேண்டும். அங்கிருந்து அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். திரும்புவதற்கும் நிற்பதற்கும் கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டத் தெரிய வேண்டும். சாலை விதிகளில் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நாடு முழுக்க இதற்கு சுமார் 250 அதிகாரிகள் இருந்தார்கள். முதல் வருடம் விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 2,46,000 பேர். பாஸ் ஆனவர்கள் 63 சதவீதம். அதாவது, பழைய முறைப்படி பணம் கட்டி நேராக ரோட்டுக்கு வந்திருக்கக்கூடியவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இன்னும் தயாராகவில்லை என்று தெரியவந்தது.

இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. 1934 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஓட்டத் தொடங்கியவர்களுக்குத்தான் டெஸ்ட். அதற்கு முன்பே லைசென்ஸ் வைத்திருந்த லட்சக்கணக்கானவர்களை யாரும் தொடவில்லை. அவர்கள் ஆயுள் முழுக்க ஒரு தேர்வும் எழுதாமலேயே ஓட்டினார்கள். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்களை டெஸ்டுக்கு வரச் சொல்வது அரசியல்ரீதியாக நடக்காத காரியம் என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும்.

எதிர்த்தவர்கள் யார்?

வேக வரம்பு தனிமனித சுதந்திரத்தில் தலையிடுகிறது என்று கார் வைத்திருந்தவர்களில் ஒரு பிரிவினர் கோபப்பட்டார்கள். பிரிட்டனின் முதல் விமானி சான்றிதழ் பெற்றவரும் கார் பந்தய வீரருமான மூர் பிரபசான், நாடாளுமன்றத்திலேயே இந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். மக்களுக்குக் கார் பழகிவிட்டால் சாவுகள் தானாகக் குறையும் என்பது அவருடைய வாதம். பின்னாளில் அவரே போக்குவரத்து அமைச்சர் ஆனது தனிக்கதை.

இன்னொரு எதிர்ப்பு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 1934 டிசம்பரில் லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூ ஓரமாக சைக்கிளுக்கென்று தனிப் பாதையை பெலிஷா திறந்துவைத்தார். சைக்கிள் ஓட்டுபவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்களுடைய சங்கம் அதை எதிர்த்தது. இன்று தனிப் பாதை கொடுப்பவர்கள் நாளை மெயின் ரோட்டுக்கே வரக்கூடாது என்பார்கள் என்று பயந்தார்கள்.

சரி, பலன் இருந்ததா? 1934-ல் 7,343 ஆக இருந்த உயிரிழப்பு, 1935-ல் 6,502 ஆகக் குறைந்தது. வாகனங்கள் பெருகிக்கொண்டே போன காலத்தில் இது பெரிய விஷயம். டெஸ்ட், வேக வரம்பு, கடக்கும் இடங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்ததால், எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அடுத்த சில வருடங்களில் எண்ணிக்கை மெல்ல ஏறினாலும், போர் வரும் வரை 1934-ன் அளவைத் தொடவில்லை.

1936 அக்டோபரில் பெலிஷாவுக்கு கேபினட்டில் இடம் கிடைத்தது. யாரும் ஆசைப்படாத துறையை வைத்தே நாட்டின் பிரபலமான அமைச்சர்களில் ஒருவராகிவிட்டார்.

ராணுவத்தில் வைத்த கை

1937 மே மாதம் பிரதமரான நெவில் சேம்பர்லின், பெலிஷாவை ராணுவ அமைச்சராக்கினார். ஹிட்லரின் ஜெர்மனி வளர்ந்துகொண்டிருந்த காலம். பிரிட்டிஷ் ராணுவமோ பழைய பாணியிலேயே இருந்தது.

இங்கேயும் பெலிஷா அதே வேகத்தில் இறங்கினார். சிப்பாய்களின் சம்பளம், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாவற்றையும் மேம்படுத்தினார். கீழ்நிலையிலிருந்து அதிகாரியாக உயர வழி செய்தார். வயதான தளபதிகளை மாற்றிவிட்டு, மூத்தவர்கள் பலரைத் தாண்டி கோர்ட் என்பவரைத் தலைமைத் தளபதி ஆக்கினார். 1939-ல் போர் தொடங்கும் முன்பே கட்டாய ராணுவப் பயிற்சியும் வந்துவிட்டது.

சிப்பாய்களுக்கு அவரைப் பிடித்தது. மேல்தட்டு அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அவர் வேலை செய்த விதமும் விளம்பர மோகமும் அதற்கு ஒரு காரணம். அவர் யூதர் என்பது இன்னொரு காரணம். அதை மறைக்காமலேயே கேலிப் பாட்டுகளும் பட்டப்பெயர்களும் உலவின.

1939 நவம்பரில் பிரான்ஸ் போர்முனைக்குப் போய் வந்த பெலிஷா, அங்கே பதுங்கு அரண்கள் கட்டும் வேலை மெதுவாக நடக்கிறது என்று குறை சொன்னார். அவரே உயர்த்திவிட்ட கோர்ட்தான் அப்போது பிரான்ஸில் படைத் தளபதி. அவருக்கு அது பொறுக்கவில்லை. தளபதிகள் ஒன்று சேர்ந்தார்கள். மன்னர் ஆறாம் ஜார்ஜும் அவர்கள் பக்கம் சாய்ந்தார். 1940 ஜனவரியில் பெலிஷாவின் பதவி போனது.

அவருக்குத் தகவல் துறையைக் கொடுக்கலாம் என்று சேம்பர்லின் யோசித்தார். ஆனால் அந்தப் பதவியில் ஒரு யூதர் இருந்தால் நடுநிலை நாடுகளிடம் எடுபடாது என்று வெளியுறவுத் துறை தடுத்தது. யூதர்களை வேட்டையாடும் ஓர் ஆட்சியை எதிர்த்துப் போர் நடத்திக்கொண்டிருந்த அரசுக்குள்ளேயே இது நடந்தது. அதற்குப் பதில் வர்த்தகத் துறையைத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 46.

டெஸ்ட் நின்றபோது இறந்தவர்

அதன் பிறகு பழைய இடம் திரும்பவில்லை. 1945-ல் சர்ச்சிலின் இடைக்கால அரசில் சில வாரங்கள் தேசியக் காப்பீட்டு அமைச்சராக இருந்தார். அதே வருடத் தேர்தலில் டெவன்போர்ட்டில் தொழிலாளர் கட்சியின் மைக்கேல் ஃபுட்டிடம் தோற்றார். 1950-ல் வேறு ஊரில் நின்றும் ஜெயிக்கவில்லை. 1954-ல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. 1944-ல்தான் திருமணம் செய்துகொண்டார், குழந்தைகள் இல்லை.

இதற்கிடையில் அவர் கொண்டுவந்த டெஸ்டும் இரண்டு முறை நின்றது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் நிறுத்தி, 1946 நவம்பரில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். போர்க்காலத்தில், குண்டுவீச்சுக்குப் பயந்து தெருவிளக்கை அணைத்திருந்த இருட்டில் விபத்துகள் எகிறின. 1941-ல் மட்டும் 9,169 பேர் இறந்தார்கள். பிரிட்டன் வரலாற்றில் அதுதான் உச்சம்.

இரண்டாவது முறை 1956 நவம்பரில். சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. டெஸ்ட் எடுக்க வேண்டிய அதிகாரிகள் ரேஷன் வேலைக்குப் போய்விட்டார்கள். பழகுநர்கள் துணை இல்லாமலேயே ஓட்டலாம் என்று அனுமதி தரப்பட்டது. 1957 ஏப்ரலில்தான் டெஸ்ட் திரும்ப வந்தது. அதைப் பார்க்க பெலிஷா இல்லை. 1957 பிப்ரவரி 16-ல், நாடாளுமன்றக் குழுவோடு பிரான்ஸ் போயிருந்தவர், ரெய்ம்ஸ் நகர மன்றத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 63.

அவர் விட்ட இடத்திலிருந்து: படிப்படியான லைசென்ஸ்

பெலிஷா காலத்து முறையில் இரண்டே படிகள்தான். பழகுநர், பிறகு முழு டிரைவர். பாஸ் ஆன அன்று ராத்திரியே நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் பறக்கலாம்.

ஆனால் புதிய டிரைவருக்கு ஆபத்து அதிகம் இருப்பது பழகும்போது இல்லை, பாஸ் ஆகித் தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் என்பது பின்னால் தெரியவந்தது. இரவு நேரமும் வண்டி நிறைய நண்பர்களும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். அதனால் நடுவில் இன்னொரு படி வைத்தார்கள். இதற்குப் பெயர்தான் படிப்படியான லைசென்ஸ் முறை.

1987-ல் நியூசிலாந்து இதை முழுமையாகக் கொண்டுவந்தது. அங்கே பழகுநர், கட்டுப்பாட்டுடன் ஓட்டுபவர், முழு லைசென்ஸ் என்று மூன்று படிகள். நடுப் படியில் இருப்பவர் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியாக ஓட்டக் கூடாது. துணைக்கு அனுபவமுள்ளவர் இல்லாமல் பயணிகளையும் ஏற்றக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1994-லும், அமெரிக்காவின் புளோரிடா 1996-லும் இதே வழிக்கு வந்தன. பிறகு மற்ற அமெரிக்க மாநிலங்களும் சேர்ந்துகொண்டன.

பெலிஷாவின் சொந்த நாடு இதில் பின்தங்கியே இருக்கிறது. 1997-லிருந்து பிரிட்டனில், பாஸ் ஆன இரண்டு வருடத்துக்குள் 6 அபராதப் புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. மறுபடி பழகுநராகி டெஸ்ட் எழுத வேண்டும். நடுப் படி வைப்பது பற்றி விவாதம் மட்டும் தொடர்கிறது.

நம்ம எல்.எல்.ஆர். எங்கே நிற்கிறது?

இந்தியாவிலும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' என்ற பிரிட்டன் பாணிதான். மோட்டார் வாகனச் சட்டப்படி பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும். காருக்கு 18 வயது. லாரி, பஸ் போன்ற வாகனங்களுக்கு மட்டும் ஒரு நடுப் படி உண்டு. குறைந்தது ஒரு வருடம் இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருந்தால்தான் அதற்கான எல்.எல்.ஆர். கிடைக்கும்.

சொந்தக் கார், பைக் ஓட்டுபவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாஸ் ஆனால் அன்றிலிருந்தே முழு டிரைவர். இரவுக் கட்டுப்பாடு, பயணிகள் கட்டுப்பாடு கிடையாது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. 1934-ல் பெலிஷாவின் மேஜைக்கு வந்த எண்ணைப் போல 20 மடங்குக்கும் அதிகம். இந்தியா பல மடங்கு பெரிய நாடு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் அன்று அவர் முன் இருந்த கேள்வி இங்கே இன்னும் அப்படியே இருக்கிறது: ஒருவரை ரோட்டில் தனியாக விடும் முன், அவருக்கு ஓட்டத் தெரியும் என்பதை எப்படி உறுதி செய்வது?